ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்

ஒரு புத்தகம் பிடித்துப்போனவர்கள் சொல்வதை வைத்து அது என்ன மாதிரிப் புத்தகம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். "எடுத்தா கீழே வைக்க முடியல", "அப்படியே உள்ளே இழுத்துட்டுப் போயிடுச்சு", "முடிச்சப்புறமும் மனசுலயே நிக்குது." இதெல்லாம் பேய்க்கதைக்கும் பொருந்தும், காதல் கதைக்கும் பொருந்தும், ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றுக்கும் பொருந்தும். பிடிக்காமல் போனவரிடம் கேட்டுப் பாருங்கள். "கொலைகாரன் கடைசி அத்தியாயத்துலதான் முதல்முறையா வர்றான், இது என்ன நியாயம்?" என்பார். எந்த வகை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "ரெண்டு பேரும் உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா முந்நூறு பக்கம் மிச்சம்" என்பதும் அப்படித்தான்.

அதனால் வாசகர்களின் புகார்களைக் கேட்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு. பாராட்டில் மரியாதை கலந்திருக்கும். நாலு பேர் ஆகா என்ற புத்தகத்தை நாமும் ஆகா என்றுவிடுவது சுலபம். எரிச்சலில் அந்தக் கலப்படம் குறைவு. ஒருவர் எந்த இடத்தில் கடுப்பானார் என்பதைக் கவனித்தால், எதை எதிர்பார்த்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தார் என்பது தெரிந்துவிடும். பிரிக்கும்போது அவருக்கே அது தெரிந்திருக்காது.

இந்தச் சூட்சுமத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் துப்பறியும் கதைக்காரர்கள். வாசகர்களின் எரிச்சலைத் தொகுத்துச் சட்டமே போட்டுவிட்டார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தானும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர், 1929இல் 10 கட்டளைகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். பேய், பிசாசு, அமானுஷ்யம் கூடாது. இரகசிய அறையோ சுரங்க வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. யாரும் கேள்விப்பட்டிராத விஷம் கூடாது. துப்பறிபவருக்குத் தற்செயல் கைகொடுக்கக் கூடாது. அவர் கண்ணில் பட்ட தடயத்தை வாசகரின் கண்ணுக்கும் உடனே காட்டிவிட வேண்டும். இரட்டைப் பிறவிகள் வருவதாக இருந்தால் வாசகரை அதற்கு முன்கூட்டியே தயார்படுத்தியிருக்க வேண்டும். இப்படிப் போகிறது பட்டியல். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்திருப்பார் என்று தோன்றும். 'ஒன்றுக்கு மேல் கூடாது' என்ற அந்தச் சலுகையைக் கவனியுங்கள். ஒரு சுரங்க வழியைப் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாவது வந்தால் எழுந்து போய்விடுவார்கள். மனிதர் வாசகரை நாடி பிடித்துப் பார்த்திருக்கிறார்.

அடுத்த வருஷம், 1930இல், லண்டனில் இந்த எழுத்தாளர்கள் சேர்ந்து டிடெக்‌ஷன் கிளப் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். சேருபவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். தெய்வ வாக்கு, உள்ளுணர்வு, மாய மந்திரம், தற்செயல் இவற்றின் தயவில் என் துப்பறிவாளர் குற்றத்தைக் கண்டுபிடிக்க மாட்டார், முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன் என்று. பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி தொழில் தர்மம். மர்ம நாவலின் வாசகர் ஏமாறுவதற்காகவே வருகிறார். ஏமாறாமல் போனால், அதாவது நாற்பதாவது பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டால், அதுவும் அவருக்குக் குறைதான். ஆனால் ஏமாந்த பிறகு, "அடச்சே, கண்ணு முன்னாடியே இருந்ததே" என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். கண் முன்னால் இல்லாததை வைத்து ஜெயித்தால் அது அழுகுணி ஆட்டம்.

கோடு எங்கே என்பதில் சண்டை வராமல் இருக்காது. அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலின் முடிவைப் படித்துவிட்டு இது போங்கு என்று கொதித்தவர்கள் உண்டு. எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை, நீங்கள் கோட்டை விட்டால் ஆசிரியர் என்ன செய்வார் என்று டோரத்தி சேயர்ஸ் போன்ற சக துப்பறியும் எழுத்தாளர்கள் கிறிஸ்டி பக்கம் நின்றார்கள். (கொலையாளி யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எத்தனை காலம் ஆனால் என்ன, இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள்.) என் ஓட்டு கிறிஸ்டிக்குத்தான். முடிவு தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், முதல் தடவை சாதாரணமாகத் தாண்டிப்போன வரிகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அழுகுணி ஆட்டக்காரரின் புத்தகத்தை இரண்டாம் முறை படிக்க முடியாது. இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

முடிவைச் சொன்னால் சுவை கெட்டுவிடும் என்பதே தப்பு என்று ஓர் ஆய்வு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்து 2011இல் வெளியிட்டது. முடிவு தெரிந்து படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்களைவிடச் சராசரியாகக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்திருந்தார்கள், மர்மக் கதைகளில்கூட. பின்னால் வந்த சில ஆய்வுகள் நேர் எதிராகவும் சொல்லின. ஆய்வுக்காகக் கையில் திணிக்கப்பட்ட சிறுகதை வேறு, நாமாகத் தேடி எடுத்துத் தூக்கம் கெட்டுப் படிக்கும் நாவல் வேறு என்பது என் எண்ணம். அந்த நாவலில் நான் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, கணக்குப் போட்டு, அழித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது வந்து விடையைச் சொல்பவர் என் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் ஸ்பாய்லர் என்றால் இத்தனை கோபம்.

த்ரில்லரை மர்ம நாவலோடு சேர்த்து அடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் த்ரில்லர் வாசகருக்கு வேண்டியது கிட்டத்தட்ட எதிர்ச்சரக்கு. இயக்குநர் ஹிட்ச்காக்கின் விளக்கம் பிரபலம்: மேஜைக்கடியில் வெடிகுண்டு திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு அங்கே உட்கார்ந்திருப்பவர்களை அரட்டை அடிக்கவிட்டால் 15 நிமிஷம் பதைபதைப்பு. இங்கே வாசகருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், பாத்திரங்களுக்குத்தான் தெரியக் கூடாது. த்ரில்லர் மீதான புகாரும் அதற்கேற்ப இருக்கும். யார் செய்தார் என்று முன்பே தெரிந்துவிட்டது என்று இங்கே யாரும் குறைப்படுவதில்லை. "ஹீரோவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்பார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் கதவு தட்டப்பட்டு, அடுத்த அத்தியாயத்தில் திறந்து பார்த்தால் பூனையாக இருப்பதும் மூன்றாவது தடவைக்கு மேல் எடுபடாது.

காதல் கதைகளைப் படிக்காதவர்கள் அவற்றின்மீது வைக்கும் குற்றச்சாட்டு, "முடிவுதான் தெரிஞ்சதாச்சே" என்பது. படிப்பவர்கள் இதை ஒரு குறையாகவே எண்ணுவதில்லை. ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் காதல் நாவல்களின் தீவிர வாசகிகளோடு பேசிப் பழகி 1984இல் ஒரு நூல் எழுதினார். ஒரு காதல் நாவலில் கட்டாயம் இருக்க வேண்டியது எது என்று கேட்டதற்கு, மகிழ்ச்சியான முடிவு என்பதே முதலில் வந்த பதில். வாங்கும் முன்பே கடைசிப் பக்கங்களைப் புரட்டி உறுதிசெய்துகொள்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். மர்ம நாவல் வாசகருக்கு இது பஞ்சமாபாதகம். இவர்களுக்கோ முடிவு தெரிந்தால்தான் நடுவில் நிம்மதியாக அழ முடியும். சேருவார்களா என்பதல்ல இங்கே கேள்வி, எப்படி என்பதுதான்.

அந்த 'எப்படி'யில்தான் எழுத்தாளர்கள் சொதப்புகிறார்கள். ஒரு உதாரணம் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாயகி மருத்துவமனை வராண்டாவில் வருகிறாள். தூரத்தில் நாயகன், அவன் தோளில் சாய்ந்து அழும் ஒரு பெண். நாயகி சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுகிறாள். தொலைபேசியை எடுப்பதில்லை, கடிதத்தைப் பிரிப்பதில்லை, வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விடுகிறாள். 200 பக்கம் கழித்துத் தெரிகிறது, அழுதவள் அவனுடைய தங்கை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். காதல் கதை வாசகருக்குத் தடைகள் பிடிக்கும். தடையே இல்லாவிட்டால் கதை எங்கே? ஆனால் பேசினால் தீர்ந்துபோகும் தடை மலிவு. பேசப் பேச இன்னும் சிக்கலாகும் தடை இருக்கிறதே, இருவர் சொல்வதும் நியாயம், இரண்டு நியாயமும் ஒன்றாக வாழ முடியாது என்ற நிலை, அதைக் கட்டிவிட்டு அதிலிருந்து அவர்களை நேர்மையாக வெளியே கொண்டுவருபவர்தான் கைதேர்ந்தவர். இந்த வேலையின் கஷ்டம் தெரியாதவர்கள்தான் காதல் கதை எழுதுவது சுலபம் என்பார்கள்.

மகிழ்ச்சியான முடிவுக்கான இந்தப் பிடிவாதம் இன்று நேற்று வந்ததும் இல்லை. கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலுக்கு டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் நாயகனும் நாயகியும் பிரிந்தே போகிறார்கள். நண்பரும் எழுத்தாளருமான புல்வர் லிட்டன் வேண்டாம் என்று சொன்னதன்பேரில் அதை மாற்றி, சேரக்கூடும் என்ற நம்பிக்கை தொனிக்கும் முடிவை 1861இல் அச்சில் தந்தார். எது நல்ல முடிவு என்று விமர்சகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முதலில் எழுதியதுதான் பிடிக்கும். ராட்வேயின் வாசகிகள் என்னை அடிக்க வந்திருப்பார்கள்.

பேய்க்கதைக்கு வருவோம். பயம் என்பது வாழ்க்கையில் யாரும் கேட்டு வாங்காத சரக்கு. அதைக் காசு கொடுத்து வாங்கி, நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து படிக்கிறோம். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணி வைத்திருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஆவி, மிருகம், திருடன், ஆளும் அரசன். இன்றைக்கு நம்மை நடுங்கவைக்கும் நாவல்களில் பெரும்பாலானவற்றை இந்த நான்குக்குள் அடக்கிவிடலாம். நாலாவதைப் பார்த்தீர்களா? சர்வாதிகார ஆட்சியைப் பற்றிய நாவல்களை ஹாரர் என்று யாரும் அடுக்குவதில்லை. ஆனால் விடியற்காலையில் சீருடைக்காரர்கள் வந்து பெயரைச் சரிபார்க்கும் ஒரு காட்சி எந்த ஆவியையும்விடக் குலைநடுங்க வைக்கும்.

இந்த வகையில் நான் அதிகம் கேட்ட புகார்: "பேய் வர்ற வரைக்கும் நல்லா இருந்துச்சு." இதில் ஒரு விமர்சனக் கொள்கையே அடங்கியிருக்கிறது. மாடிப்படியில் ஈரமான காலடித் தடங்கள். ஏறிப்போன தடம் மட்டும் இருக்கிறது, இறங்கி வந்த தடம் இல்லை. இவ்வளவு போதும். அடுத்த பக்கத்தைத் திருப்ப விரல் கூசும். அந்த இடத்தில் நிறுத்தத் தெரியாதவர், அடுத்த அத்தியாயத்தில் எட்டடி உயர உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, பல்லின் நீளம் முதல் நகத்தின் நிறம் வரை வருணித்து, அது ஏன் இப்படி ஆனது என்று 12 பக்கம் முன்கதை சொல்லவைப்பார். தன் கஷ்டத்தை விவரிக்க ஆரம்பித்ததும் பேய் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிடுகிறது. பாவம் என்று தோன்றுகிறது, பயம் போய்விடுகிறது. பேய்க்கதைகளுக்குப் பெயர்போன எம். ஆர். ஜேம்ஸ், அடக்கி வாசிப்பதுதான் இந்தக் கலையில் முக்கியம் என்று வலியுறுத்தியவர்.

அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் (ஃபேன்டஸி) அதே மெய்ப்பாட்டியல் கைகொடுக்கும். வியப்பை அது மருட்கை என்கிறது. பிறக்கும் இடங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று வேறொன்றாக மாறுவது. விண்கலம், கிரகம், நுண்ணுயிர், உருமாற்றம் என்று வரிசையாகப் பொருத்திப் பாருங்கள். இந்த வியப்புக்காக வருபவர் என்ன வேண்டுமானாலும் நம்பத் தயார். இரண்டு சூரியனா, சரி. பறக்கும் நகரமா, அதுவும் சரி. அப்புறம் எதற்குக் கோபம் வருகிறது?

முதல் கோபம் பாடம் நடத்துவது. விண்கலத்தில் இரண்டு விமானிகள். ஒருவர் இன்னொருவரிடம், "உனக்குத்தான் தெரியுமே, நம் கலம் ஒளியின் வேகத்தில் பாதி வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, ஆகவே நமக்குக் காலம் மெதுவாக நகர்கிறது" என்கிறார். தெரியும் என்றால் ஏனப்பா சொல்கிறாய்? ஆங்கிலத்தில் அறிவியல் புனைவு எழுதுபவர்கள் இந்த வியாதிக்கு 'உனக்குத்தான் தெரியுமே, பாப்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வாசகர் அந்த உலகத்தில் தடவித் தடவி நடக்க விரும்புகிறார். கையேட்டை முதலில் கொடுத்துவிட்டால் நடக்கும் சுகம் போய்விடுகிறது. கையேடே இல்லாமல் முதல் பக்கத்திலேயே 30 புதுப் பெயர்களைக் கொட்டினாலும் தலை சுற்றும்தான். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும்.

இரண்டாவது கோபம்தான் பெரியது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், 1939இல் நிகழ்த்திய உரையிலிருந்து உருவான ஒரு கட்டுரையில் பச்சைச் சூரியனை உதாரணம் காட்டினார். 'பச்சைச் சூரியன்' என்று யாரும் சொல்லிவிடலாம். அந்தச் சூரியன் நம்பும்படியாக இருக்கிற ஓர் உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பும் திறமையும் வேண்டும் என்றார். பச்சை வெளிச்சத்தில் இலை எப்படித் தெரியும், காயம் பட்டால் இரத்தம் என்ன நிறத்தில் இருக்கும் என்று நாம் கேட்கத் தொடங்கும் முன்பே அந்த உலகம் பதில் வைத்திருக்க வேண்டும். மந்திரத்துக்கும் இதே கணக்குதான். மந்திரக்காரிக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் சக்தி என்று சொல்லிவிட்டு, நாயகன் சாகப்போகும் நேரத்தில் அவளுக்கு நெருப்பும் வசப்பட்டால் வாசகர் பல்லைக் கடிப்பார். மந்திரத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ அவ்வளவுக்குத்தான் அதைக் கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம் என்று மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் ஒரு விதி சொல்வார். நாக்ஸ் பாதிரியாரின் கட்டளைகளோடு சேர்த்து வைக்கலாம். மிகுபுனைவும் மர்ம நாவலும் தூரத்து உறவுகூட இல்லை என்று நினைப்பவர்கள், இரண்டின் வாசகர்களும் ஒரே விஷயத்துக்குத்தான் கோபப்படுகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

சரித்திர நாவல் வாசகர்களில் ஒரு சாராருக்குப் பிழை பிடிப்பதே பாதி சுகம். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் பழைய ரோமில் கடிகாரம் மணி அடிக்கிறது, மணியடிக்கும் கடிகாரம் பிறக்க இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும்போது. பொருள்களில் வரும் இந்த மாதிரிப் பிழைகள் எனக்கு அவ்வளவாக உறுத்துவதில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். மனசுகளில் வரும் பிழைதான் தாங்க முடியவில்லை. நாயகன் மட்டும் நம் காலத்து நியாயங்களோடு நடமாடுவான், சுற்றியிருப்பவர்கள் எல்லாம் அக்காலத்து மூடர்கள். அந்தக் காலத்தில் ஒரு நல்லவர் எதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று காட்டத்தானே அந்த வகை இருக்கிறது? இன்னொரு பக்கம், சேகரித்த குறிப்புகளை வீணாக்க மனமில்லாமல் கோட்டையின் ஒவ்வொரு மதிலையும் அளந்து சொல்பவர்கள். படையெடுப்பு காத்திருக்கும், நாமும் காத்திருப்போம்.

நகைச்சுவைக்கு ஒரே ஒரு புகார்தான்: ஆசிரியர் நமக்கு முன்னால் சிரித்துவிடுகிறார். சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றியும் அதிகம் இல்லை. ஒரு நல்ல கட்டுரைக்குப் போதுமான யோசனை, அத்தியாயத்துக்கு ஒரு வெற்றிக் கதை ஒட்டி 250 பக்கம் ஆகியிருக்கும். இருந்தாலும் அவற்றை வாங்குபவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு முடிவுக்கு யாராவது தைரியம் சொல்ல வேண்டும் என்று வருகிறார்கள். ஒரு வரி அதைச் செய்துவிட்டால் மற்ற பக்கங்களை மன்னித்துவிடுகிறார்கள்.

தன்வரலாறு அதைவிடச் சுவாரசியமான கேஸ். பால்யம் 150 பக்கம், மரம் ஏறியது, நீச்சல் கற்றது எல்லாம் விலாவாரியாக. வாழ்க்கையையே புரட்டிப்போட்ட பிரிவு வரும்போது, "பின்னர் எங்களிடையே சில கருத்து வேறுபாடுகள் ஏற்பட்டன" என்று ஒரு வரி. அடுத்த பத்தியில் விருது வாங்குகிறார். எதற்காகப் புத்தகத்தை எடுத்தோமோ அந்த அறையை மட்டும் பூட்டி வைத்துவிட்டு மற்ற வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்.

இலக்கிய நாவல்கள் மீதான நிரந்தரப் புகார், "ஒண்ணுமே நடக்கலையே." சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் அந்த வகையை விரும்பிப் படிப்பவர்களிடம் கேட்டால் வேறு பட்டியல் வரும். எல்லா முடிச்சும் கடைசியில் அவிழ்ந்துவிட்டது, ஜன்னலோரத்துப் பறவை எதன் குறியீடு என்று ஆசிரியரே விளக்கிவிட்டார், கெட்டவர் முழுக்கக் கெட்டவராகவே இருக்கிறார். மர்ம நாவலில் முடிச்சு அவிழாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இங்கே அவிழ்ந்துவிட்டால் முகம் சுளிப்பார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு, திங்கட்கிழமை ஒன்று, சனிக்கிழமை இன்னொன்று.

இதை யோசிக்காமல் வகைகளை மேல் கீழாக அடுக்குகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. தியடோர் ஸ்டர்ஜன் என்ற அறிவியல் புனைவு எழுத்தாளர் 1950களில் கொடுத்த பதில் இன்றைக்கும் செல்லும்: அறிவியல் புனைவில் 90 சதவீதம் குப்பைதான், ஏனென்றால் எதிலும் 90 சதவீதம் குப்பைதான். ஒரு வகையின் குப்பையை இன்னொரு வகையின் சிகரத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவது ரசனை ஆகாது.

குப்பையில் மாட்டிக்கொண்டால்? பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் 10 உரிமைகளை அறிவித்தார். படிக்காமலே இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை என்று தொடங்கும். அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் இன்னும் கறாராகக் கணக்குச் சொன்னவர்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வயது 50ஐத் தாண்டிவிட்டால் 100இலிருந்து உங்கள் வயதைக் கழித்து வரும் எண்ணிக்கை போதும். எனக்கு இந்தச் சலுகை ரொம்பப் பிடிக்கும். வயதாக ஆக நம் பொறுமைக்குச் சட்டப்படியே தள்ளுபடி.

அதனால் என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால், பிடித்த புத்தகங்களின் பெயரை நான் கேட்பதில்லை. கடைசியாகப் பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள் என்று கேட்கிறேன். மிகுபுனைவு மட்டுமே படிக்கும் ஓர் இளைஞரிடம் அப்படிக் கேட்டபோது, "அந்த டிராகன் மூணாவது தடவையும் கரெக்டா வந்து காப்பாத்துச்சு சார், அங்கேயே மூடிட்டேன்" என்றார். அவர் கையில் ஒரு பழைய மர்ம நாவலைக் கொடுத்தேன். கொலை, பூட்டிய அறை, டிராகன் கிடையாது. அடுத்ததாக அதே ஆசிரியரிடம் எதைப் படிக்கலாம் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.